கோணிப் பொருந்திய கை: வெட்டுவதா, விடுவதா?

கை முறிந்தால் என்ன செய்வது என்று நமது ஊரில் கேட்டால் பத்துப் பேர் பத்து வழி சொல்வார்கள். முறிந்த கை கோணலாகப் பொருந்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் கிடைக்கும். "பொருந்திட்டுதானே, இனி விடுங்க" என்பது ஒன்று. "திரும்ப உடைச்சு நேராக்கணும்" என்பது மற்றையது. இரண்டு பதிலும் சில கைகளுக்குச் சரி, சில கைகளுக்குப் பிழை. எந்தக் கைக்கு எது பொருந்தும் என்று அறிவது எப்படி என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

அறுகம்பேயில் இருந்து பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று நீளும் எங்கள் கரையில் கை முறிவது புதுமையான செய்தியல்ல. அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் பாறையில் விழுகிறார்கள். தோணியைக் கரைக்கு இழுப்பவர்கள் வழுக்கி விழுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருந்தும் தென்னையில் இருந்தும் விழுபவர்கள் உண்டு. பெண்கள் பெரும்பாலும் கிணற்றடியிலும் ஈரச் சீமெந்துத் தரையிலும் விழுகிறார்கள். யார் எங்கே விழுந்தாலும் ஒன்று மட்டும் பொது: விழும்போது மனிதன் கையைத்தான் ஊன்றுகிறான். முகத்தையும் தலையையும் காப்பாற்றிய கைதான் அதற்கான விலையைக் கொடுக்கிறது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். கடந்த ஒரு வருடமாக இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்த என் உம்மாவின் வலது மணிக்கட்டு கோணலாகப் பொருந்தியிருக்கிறது. உம்மாவுக்காகப் படித்தவற்றையும், கிளினிக்கில் கேட்டுத் தெரிந்தவற்றையும், உம்மா வாயாலேயே அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எலும்புக்கு நேர் கோணல் தெரியாது

ஒரு கையில் மணிக்கட்டில் இருந்து விரல் நுனி வரை 27 என்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இரு கைகளிலும் 54. வளர்ந்த மனிதரின் உடம்பில் உள்ள 206 என்புகளில் கால்வாசிக்கு மேல் இந்த இரண்டு கைகளில்தான் இருக்கின்றன. முன்கையில் இரண்டு நீண்ட என்புகள் உண்டு. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை. சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி. கையை ஊன்றி விழும்போது அதிகமாக முறிவது ஆரையின் மணிக்கட்டுப் பக்க முனைதான்.

இந்த முறிவைப் பற்றி 1814 ஆம் ஆண்டில் தெளிவாக எழுதியவர் அயர்லாந்தின் டப்ளின் நகர சத்திரசிகிச்சை வைத்தியர் ஆபிரகாம் கொலிஸ். இன்றும் இதற்குக் 'கொலிஸ் முறிவு' என்றே பெயர். எக்ஸ் கதிர் அப்போது இல்லை. ஜேர்மனியின் ரொன்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895 ஆம் ஆண்டில். அவர் எடுத்த புகழ்பெற்ற முதல் படமே ஒரு கைதான்: மோதிரம் அணிந்த அவருடைய மனைவியின் கை. அந்தக் கண்டுபிடிப்புக்கு 81 ஆண்டுகளுக்கு முன்னரே, தொட்டும் பார்த்தும் மட்டும் கொலிஸ் ஒரு விடயத்தைக் கவனித்து எழுதினார். சரியாகப் பொருத்தப்படாத இந்த முறிவில் கோணல் ஆயுள் முழுவதும் நிற்கும். ஆனால் காலப்போக்கில் அசைவு திரும்பும், வலியும் நீங்கும் என்றார். எல்லாக் கைகளுக்கும் அவர் சொன்னது பலிப்பதில்லை என்று பிற்கால வைத்தியர்கள் கண்டார்கள். ஆனால் கையின் வடிவம் ஒன்று, கையின் வேலை இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தாரே, அது இன்றும் நிற்கிறது.

எலும்பு எப்படிப் பொருந்துகிறது? முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அதன்மேல் மெதுவான இழையம் வளர்ந்து இரு முனைகளையும் பிணைக்கிறது. பின்னர் அது கடினமான எலும்பாகிறது. மணிக்கட்டு முறிவு இந்த நிலைக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் எடுக்கும். உடம்பு இந்த வேலையைத் தவறாமல் செய்யும். ஆனால் முனைகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே பிணைக்கும். நேராக வைத்தால் நேராக, சாய்வாக வைத்தால் சாய்வாக.

சிறு பிள்ளைகளுக்கு ஒரு சலுகை உண்டு. வளரும் வயதில் எலும்பு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். ஏழு எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் இருக்கும் சாய்வு சில வருடங்களில் தெரியாமலே போகலாம். எங்கள் வயதில் அந்த வளர்ச்சி முடிந்துவிடுகிறது அல்லது முடியும் தறுவாயில் இருக்கிறது. என் உம்மாவின் வயதில் அது இல்லவே இல்லை. எலும்பு முறுகிப் பொருந்தியிருந்தால், அதாவது திருகு விழுந்திருந்தால், சிறு பிள்ளையிலும் அது தானாகத் திருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது.

பரிசாரியாரும் பிளாஸ்டரும்

எங்கள் பகுதியில் முறிவு நெரிவு வைத்தியத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு. எண்ணெய், இலை, மட்டை, சீலை என்று கட்டி எத்தனையோ கைகளைச் சுகப்படுத்திய பரிசாரிமார் இருக்கிறார்கள். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் பொருந்தும். விலகிய முறிவுதான் பிரச்சினை. உள்ளே விலகியிருக்கிறதா என்று வெளியில் இருந்து முழுமையாக அறிய முடியாது. "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்பார்கள். புண்ணுக்கு வேண்டாம்தான். தோலுக்குள் இருக்கும் எலும்புக்கு வேண்டும். எக்ஸ் கதிர்தான் அந்தக் கண்ணாடி. யாரிடம் கட்டுப் போடுவதானாலும் முதலில் ஒரு படம் எடுத்துப் பார்ப்பது யாருக்கும் அவமரியாதை அல்ல. பிளாஸ்டர் போட்ட கையும் உள்ளே நழுவலாம். அதனால்தான் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மீண்டும் படம் எடுக்க வரச் சொல்கிறார்கள். வீக்கம் வற்றிவிட்டது என்று அந்தத் திகதிக்குப் போகாமல் விடுவதுதான் பல கோணல்களுக்கு ஆரம்பம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரல்கள் வெளிறினால் அல்லது நீலம் பாய்ந்தால், மரத்துப் போனால், விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இறுகிய கட்டும் உள்வீக்கமும் இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் சில மணித்தியாலங்களிலேயே தசை இறக்கத் தொடங்கும். எந்த வேளையானாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கையைப் பரீட்சிக்கும் நாளாந்த வேலைகள்

உம்மாவின் கையைப் பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டி போல மணிக்கட்டில் ஒரு வளைவு தெரியும். பாடப் புத்தகங்களும் இதே உவமையைத்தான் சொல்கின்றன. வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அந்த வளைவைத்தான் பார்த்தார்கள். மாமி ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்துப் பார்த்து, "இப்படிக் கோணலாக் கிடக்கே" என்று கவலைப்படுவார். கிளினிக்கில் வைத்திய நிபுணர் வளைவைப் பற்றி அதிகம் பேசவில்லை. "இந்தக் கையால் என்ன செய்ய முடியவில்லை?" என்று கேட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் உம்மாவிடம் தமிழில் கேட்டேன். உம்மா சற்று யோசித்தார்.

"கோணல் கிடந்தாக் கிடக்கட்டும் மகள். கை மலருமா எண்டு கேளுங்க" என்றார்.

உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதைத்தான் உம்மா 'மலர்தல்' என்றார். அதைச் செய்வது மணிக்கட்டு மட்டுமல்ல. ஆரை என்பு அரந்தியைச் சுற்றிப் புரண்டால்தான் உள்ளங்கை மேலே திரும்பும். ஆரையின் முனை சாய்ந்தோ குறுகியோ பொருந்தினால் இரண்டு என்புகளும் சேரும் மூட்டு ஒத்துப் போகாது. கை பாதி வழியில் நின்றுவிடும். ஆரை குறுகியதால் அரந்தி நீண்டது போலாகி, சுண்டுவிரல் பக்கத்தில் இடித்து வலிக்கும்.

அன்றிரவு நாங்கள் இருவரும் ஒரு பட்டியல் போட்டோம். வுழூச் செய்ய உள்ளங்கையில் தண்ணீர் ஏந்த வேண்டும். உம்மாவின் கையில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. துஆவுக்குக் கையேந்தும்போது இடது கை மலர்ந்திருக்க வலது கை சரிந்து நின்றது. சுஜூதில் உள்ளங்கையை ஊன்றும்போது வலித்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போகும்போது முழங்கையைத் தூக்க வேண்டியிருந்தது. சீலை பிழிய முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இடியப்ப உரலை அழுத்த முடியவில்லை. அறுகம்பேயில் உல்லாசப் பயணிகள் வரும் காலத்தில் உம்மா அதிகாலையில் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஆழ்கடலுக்குப் போகும் வாப்பாவின் வருமானம் கடலைப் பொறுத்தது. உம்மாவின் வருமானம் அந்த உரலைப் பொறுத்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்த வைத்திய நிபுணர் சிரித்தார். நூறு பேரில் ஒருவராவது இப்படி எழுதிக் கொண்டு வந்தால் தன் வேலை பாதியாகும் என்றார். ஐந்து வேளை தொழுபவர் தன் மணிக்கட்டை ஐந்து வேளையும் பரீட்சிக்கிறார். எங்கே வலிக்கிறது, எங்கே நிற்கிறது என்று கவனித்து எழுதினால் போதும்.

முதலில் அவர் கத்தியை எடுக்கவில்லை. மூன்று மாதம் பயிற்சி செய்யச் சொன்னார். வெந்நீரில் கையை வைத்துவிட்டு, முழங்கையை இடுப்போடு ஒட்டிப் பிடித்து, உள்ளங்கையை மெதுவாக மேலும் கீழும் திருப்புவது, மேசை விளிம்பில் மணிக்கட்டை மடக்கி நிமிர்த்துவது, துணிப் பந்தைப் பிசைவது. கோணலான எலும்பைப் பயிற்சி நேராக்காது. கட்டில் கிடந்து இறுகிய மூட்டையும் தசையையும் அது இளக்கும். எவ்வளவு குறை இறுக்கத்தால் வந்தது, எவ்வளவு குறை எலும்பால் வந்தது என்று பிரித்துக் காட்டுவதும் பயிற்சிதான். மூன்று மாத முடிவில் உம்மாவின் உள்ளங்கையில் தண்ணீர் நின்றது. சுஜூதில் வலி குறைந்தது. பிழிவதும் உரலை அழுத்துவதும் மட்டும் மாறவில்லை. அந்த மீதிதான் எலும்பின் கணக்கு.

ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு எச்சரிக்கை

பொருந்திய எலும்பை மீண்டும் உடைக்கலாமா என்ற கேள்வி புதியதல்ல. இஸ்லாமிய ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அல் ஸஹ்ராவி, 30 பாகங்களில் எழுதிய 'அத்தஸ்ரீப்' என்ற மருத்துவ நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கினார். அதில் முறிவுகளுக்கென ஒரு பெரும் பகுதி உண்டு. கோணலாகப் பொருந்திய உறுப்பு தன் வேலையைச் செய்கிறது என்றால், அதை மீண்டும் உடைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம் என்று அவர் எச்சரிக்கிறார். அப்படி உடைத்து உயிராபத்து வரை கொண்டு போனவர்களை அவர் அறிந்திருந்தார். கூரிய கருவிகளைப் பற்றி அவ்வளவு எழுதிய ஒருவர், அவற்றை எப்போது எடுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்.

அவருடைய காலத்தில் இன்று போன்ற மயக்க மருந்தோ கிருமி நீக்கமோ இல்லை. ஆகவே ஆபத்தின் அளவு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அவர் வைத்த அளவுகோல் மாறவில்லை. உறுப்பு வேலை செய்கிறதா என்பதே முதற் கேள்வி.

வயதுக்கு ஏற்ப விடையும் மாறும். ஒஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் புதிய மணிக்கட்டு முறிவுகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011 இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்குத் தகடு வைத்துச் சத்திரசிகிச்சை, மற்றச் சாராருக்குப் பிளாஸ்டர். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது சத்திரசிகிச்சை செய்தவர்களின் எக்ஸ் கதிர்ப் படம் அழகாக இருந்தது, பிடிபலமும் கூடியிருந்தது. ஆனால் கை அசைவிலும் நாளாந்த வேலைகளிலும் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. கோணல் நின்ற பலர் திருப்தியாகவே இருந்தார்கள். இது புதிய முறிவைப் பற்றிய ஆய்வு. பழைய கோணலைப் பற்றியது அல்ல. இளவயதினருக்கும் பாரமான வேலை செய்பவர்களுக்கும் இதை அப்படியே பொருத்தவும் கூடாது. என்றாலும், எங்கள் மூத்தம்மாமாரின் கோணல் மணிக்கட்டைக் கண்டு நாங்கள் பதறத் தேவையில்லை என்று இது சொல்கிறது.

காத்திருக்கக் கூடாத கைகள்

"வலி இல்லையே, விடுங்க" என்ற பதில் பிழைத்துப் போகும் கைகளும் உண்டு. அவற்றை அடையாளம் காணத் தெரிந்திருப்பது நல்லது.

முதலாவது, விரல் திருகல். உள்ளங்கை என்போ விரல் என்போ முறிந்து சிறிது முறுகிப் பொருந்தினால், விரலை நீட்டும்போது ஒன்றும் தெரியாது. கையை மெதுவாக மூடிப் பாருங்கள். சாதாரணமாக நான்கு விரல்களும் பெருவிரலின் அடிப்பக்கத்தை நோக்கி ஒழுங்காகச் சாயும். ஒரு விரல் மற்ற விரலின் மேல் ஏறினால் அது திருகல். என் ஒன்றுவிட்ட காக்கா ஒருவருக்கு இப்படி ஆனது. மோதிர விரல் சுண்டுவிரலின் மேல் ஏறி, வலைக் கயிற்றைப் பிடிக்கும் போதெல்லாம் நழுவியது. பயிற்சியால் இது மாறாது. அவர் சத்திரசிகிச்சை செய்து கொண்டார். அந்தக் கைக்கு அது சரியான முடிவு.

இரண்டாவது, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இருக்கும் சிறு என்பு. தோணி போல் இருப்பதால் கிரேக்க மொழியில் தோணியைக் குறிக்கும் சொல்லில் இருந்து அதற்கு 'ஸ்கேபொயிட்' என்று பெயர் வந்தது. இதற்கு இரத்தம் வரும் வழி விசித்திரமானது. பெரும்பகுதி விரல் பக்க முனையால் நுழைந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் குறைந்து, பொருந்தாமலே போகலாம். முதல் நாள் படத்தில் இந்த முறிவு தெரியாமலும் போகலாம். அதனால் இரண்டு வாரத்தில் மீண்டும் பார்ப்பார்கள். பெருவிரலை விரிக்கும்போது அதன் அடியில் விழும் குழியில் அழுத்தினால் வலிப்பது அடையாளம். வெறும் சுளுக்கு என்று விட்டால், வலி குறைந்த பின்னும் வருடக் கணக்கில் மூட்டு தேயும்.

மூன்றாவது, விரல்கள் மரத்துப் போவது, இரவில் விறைத்து எழுப்புவது, பெருவிரலை நிமிர்த்த முடியாமல் திடீரெனத் தொங்குவது. நரம்பு நெரிபடுவதையும் நாண் அறுந்ததையும் இவை காட்டலாம். நான்காவது, மூட்டின் உள்மேற்பரப்பிலேயே படி விழுந்திருப்பது. இதை எக்ஸ் கதிரோ சீ.டீ. ஸ்கேனோதான் காட்டும். இந்த நான்கிலும் தாமதம் நட்டம்.

கத்தி என்ன செய்யும், என்ன செய்யாது

உம்மாவுக்குச் சொல்லப்பட்ட சத்திரசிகிச்சை இதுதான். பழைய முறிவு இருந்த இடத்தில் எலும்பை அளந்து வெட்டி, உரிய சாய்வுக்கும் நீளத்துக்கும் திருப்பி, தகடும் ஆணியும் வைத்து இறுக்குவார்கள். இடைவெளி விழுந்தால் இடுப்பெலும்பில் இருந்து சிறு துண்டு எடுத்து நிரப்புவார்கள். சுகமான மணிக்கட்டில் ஆரையின் முனை உள்ளங்கைப் பக்கமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்திருக்கும். உம்மாவுக்கு அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வைத் திருத்துவதே நோக்கம். பலருக்குக் கையை மட்டும் மரக்கச் செய்தே இதைச் செய்யலாம்.

அதன் பிறகு எலும்பு புதிதாகப் பொருந்த வேண்டும். அதாவது முதல் நாளுக்குத் திரும்ப வேண்டும். பல வாரம் பாரம் தூக்க முடியாது. பலம் திரும்ப மாதக் கணக்காகும். மீண்டும் பயிற்சி. தொற்று, நரம்பு விறைப்பு, தகடு உரசி நாண் பாதிப்பு, எலும்பு பொருந்தாமல் போவது, மூட்டு முன்னையை விட இறுகுவது ஆகியவை நடக்கக்கூடியவை. சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் காயமும் எலும்பும் ஆறுவது தாமதமாகும். திகதி எடுக்க முன் அதைச் சீர்செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இது இலவசம். ஆனால் பஸ் காசும், துணைக்கு நிற்பவரின் நாட்களும், இழந்த உழைப்பும் இலவசமல்ல.

வலியும் அசைவும் நன்றாகத் திருந்தும் என்று எதிர்பார்க்கலாம், முறியாத கையாக மாறும் என்று வாக்குத் தர முடியாது என்றார் வைத்தியர். அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது.

வேலூர் கற்றுத் தந்தது

கைச் சத்திரசிகிச்சை பற்றித் தமிழ் மண்ணில் நடந்த ஒரு வரலாற்றை நான் படித்தேன். அது முறிவைப் பற்றியது அல்ல, தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களைப் பற்றியது. ஆனாலும் எங்கள் கேள்விக்கு அதைவிட நெருக்கமான பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

போல் பிராண்ட் 1914 இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை வைத்தியராக வந்தார். நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்க வைத்தார். கைகள் நிமிர்ந்தன. ஆனால் எதிர்பாராத முறைப்பாடு ஒன்று வந்தது. பிச்சை எடுத்து வாழ்ந்த சிலர், நிமிர்ந்த கைக்கு யாரும் பிச்சை போடுவதில்லை, வேறு வேலையும் கிடைப்பதில்லை என்றார்கள். கை திருந்தியது, வாழ்க்கை திருந்தவில்லை. அதன் விளைவாக நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. திருத்திய கைகளுக்குத் தச்சு வேலை போன்ற தொழில்களை அங்கே பழக்கினார்கள். கையை வெட்டித் திருத்துமுன் இந்தக் கை நாளை என்ன செய்யப் போகிறது என்று கேட்க வேண்டும் என்பதை வேலூர் இப்படித்தான் கற்றுக்கொண்டது.

அவரிடம் பயின்ற ஒருவர் வைத்தியர் மேரி வர்கீஸ். 1954 இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மற்றவர்களின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அவருடைய தலைமையில் வேலூரில் புனர்வாழ்வு நிறுவனம் 1966 இல் உருவானது. 1972 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஒருவரின் உடம்பில் எது திருந்தும், எது திருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டு, மீதமுள்ளதைக் கொண்டு என்ன செய்வது என்று தீர்மானித்தவர் அவர். எங்கள் கல்லூரி மாணவிகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

யார் சொன்ன 'வேண்டாம்'?

எல்லா விளக்கமும் கேட்ட பிறகு உம்மா, "வேண்டாம் மகள், இப்படியே சமாளிப்பன்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. ஏன் வேண்டாம் என்று கேட்டேன். உல்லாசப் பயணிகளின் காலம் தொடங்கப் போகிறது என்றார். வாப்பா கடலுக்குப் போனால் வீட்டைப் பார்ப்பது யார் என்றார். எனக்குப் பரீட்சை வருகிறது என்றார். நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று காரணங்கள். ஒன்றாவது கையைப் பற்றியது அல்ல.

அப்போதுதான் ஒரு காகிதத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் 'கையின் காரணங்கள்', மறுபக்கம் 'வீட்டின் காரணங்கள்'. கையின் பக்கத்தில் வலி, உரல், சத்திரசிகிச்சையின் ஆபத்துகள், கிடைக்கக்கூடிய நன்மை. வீட்டின் பக்கத்தில் உம்மா சொன்ன மூன்றும். வாப்பாவும் சாச்சியும் இருக்கும்போது இதை வைத்துக் கேட்டேன். "இந்தப் பக்கத்தை நாங்க பார்த்துக்கொண்டா, அந்தப் பக்கத்துக்கு உம்மா என்ன சொல்லுவீங்க?"

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்படியெண்டாச் செய்வன்" என்றார்.

வாப்பா, "இதை முதலே சொல்லலாமே" என்றார். சாச்சி, "யாரும் கேட்டாத்தானே" என்றார்.

மூட்டின் மேற்பரப்பு நல்ல நிலையில் இருப்பதால் சில மாதம் பிந்துவதால் பெரிய பாதிப்பு இல்லை என்று வைத்திய நிபுணர் சொன்னார். ஆகவே உல்லாசப் பயணிகளின் காலம் முடிந்த பின்னர் திகதி எடுத்திருக்கிறோம். அதுவரை உரலைச் சாச்சி அழுத்துகிறார். மாவைக் குழைப்பதும் அவிப்பதும் உம்மா. சத்திரசிகிச்சை வாரத்தில் வாப்பா கடலுக்குப் போவதில்லை. கையின் பக்கத்தைப் பார்த்தே உம்மா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதுவும் நல்ல முடிவாகவே இருந்திருக்கும். கோணல் கையோடு நிறைவாக வாழ்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வீட்டின் காரணம் கையின் காரணம் போல் வேடமிட்டு வந்தால் நாம் அதை அடையாளம் காண வேண்டும். குறிப்பாக உம்மாமாரின் வாயில் இருந்து வரும் 'வேண்டாம்' என்ற சொல்லில்.

இதற்கு மறுபுறமும் உண்டு. எங்கள் வயதுப் பெண்பிள்ளைகளின் கை கோணலாக இருந்தால், "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால்" என்று சத்திரசிகிச்சைக்கு அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். எழுதும், பிடிக்கும், தூக்கும், வலிக்காத ஒரு கையை மற்றவர் கண்ணுக்காக வெட்டுவதில் இலாபம் குறைவு, ஆபத்து நிச்சயமாக உண்டு. அதுவும் கையின் காரணம் அல்ல. காகிதத்தின் மறுபக்கத்தில் எழுத வேண்டியது.

கிளினிக்குக்குப் போகுமுன் எழுத வேண்டியவை

கிளினிக்கில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மொழி வேறாக இருந்தால் அதுவும் பாதியாகும். ஆகவே வீட்டிலேயே எழுதிக் கொண்டு போங்கள். இந்தக் கையால் செய்ய முடியாத வேலைகள் எவை? வலி எந்த இடத்தில், எந்த அசைவில்? பயிற்சியால் எவ்வளவு திருந்தியது? பின்னர் வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்து வருடத்தில் இந்த மூட்டு எப்படி இருக்கும்? சத்திரசிகிச்சை எந்த வேலையைத் திருப்பித் தரும், எதைத் தராது? பிந்தினால் நட்டமா? எத்தனை வாரம் கை ஓய்வில் இருக்க வேண்டும்? பழைய எக்ஸ் கதிர்ப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மற்றக் கையையும் காட்டுங்கள். ஒருவருடைய கைக்குச் சரியான அளவு அவருடைய மற்றக் கைதான்.

கூட்டிச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியர் கேட்கும் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். எனக்கு ஆங்கிலம் தெரியும், உம்மாவுக்குத் தெரியாது என்பதால் அந்த அறையில் என் குரல்தான் கேட்கும். ஆனால் கை உம்மாவுடையது. கேள்வியை அப்படியே உம்மாவிடம் கொடுத்து, அவர் யோசித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, அவர் சொன்னதை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.